எப்சியின் காதுப் பரீட்சை

இந்த இடத்துக்கு ஆள் உண்டா அக்கா? இல்லையென்றால் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே ஃபேனுக்குக் கீழே இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் அந்த டெஸ்ட் அறைக் கதவு தெரியவில்லை. என் பிள்ளை உள்ளே இருக்கிறாள். இப்போதுதான் கூட்டிக்கொண்டு போனார்கள். அரைமணி நேரம் ஆகுமாம். நானும் உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். கேட்டேன் என்றா சொன்னேன்? கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தேன், அதற்குள் டெஸ்ட் எடுக்கிற அந்த மேடம் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் எப்போதும் அப்படித்தான். வார்த்தை வாய்க்கு வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

உங்களோடு வந்திருப்பது மாமனாரா? வயதானால் காது மந்தமாவது எல்லாருக்கும் உள்ளதுதானே. என் பிள்ளைக்குப் பத்து வயது. ஹெப்சிபா என்று பெயர், எப்சி என்று கூப்பிடுவோம். அவளுக்குக் காது மந்தம் ஒன்றும் இல்லை. பரீட்சையில் ஒரு குழப்பமாகிவிட்டது, அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

பள்ளிக்கூடத்துப் பரீட்சை இல்லை அக்கா. மியூசிக் பரீட்சை. கீபோர்டு. வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து வைக்கிற பரீட்சை. நாங்கள் உப்பளத்துப் பக்கம். எங்கள் வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டுகிறார். எங்கள் ஓலைக் கொட்டகையிலிருந்து இப்படி ஒரு பரீட்சைக்குப் பிள்ளை போவாள் என்று யார் நினைத்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக்குக் கீபோர்டு வாசிக்கிற டாப்னி டீச்சர்தான் இவள் விரலைப் பார்த்துவிட்டு, இவளை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள். எங்கள் வீட்டுக்காரரோ லாரி எடை போடுகிற இடத்தில், டீக்கடையில், போகிற வழியெல்லாம் சொல்லிவிட்டார். எம் பிள்ள லண்டன் பரீட்சைக்குப் போறா, என்று. லண்டன் எங்கே இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்தப் பரீட்சையில் மூன்று பாட்டு வாசிக்க வேண்டும். அது கைவேலை. அது எப்சிக்கு வந்துவிட்டது. கீபோர்டில் சத்தத்தை முழுசாகத் திருகி வைத்துக்கொண்டு வாசிப்பாள். பக்கத்து வீட்டில் திட்டுவார்கள். மெல்ல வையேன் என்றால் கேட்கமாட்டாள். அப்புறம் இன்னொன்று உண்டு. டீச்சர் அதை ஆரல் என்பார்கள். பிள்ளைகள் காதுப் பரீட்சை என்பார்கள். நோட்டைப் பார்க்கக் கூடாது. பரீட்சை வைக்கிறவர் பியானோவில் ஒரு துண்டு வாசிப்பார், பிள்ளை அதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். தாளத்துக்குக் கை தட்ட வேண்டும். அப்புறம் ஒரே துண்டை இரண்டு தடவை வாசிப்பார். இரண்டாம் தடவை ஒரு இடத்தை மாற்றிவிடுவார். மாற்றியது முதலிலா கடைசியிலா என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? அதில்தான் பிள்ளைகள் விழுவார்களாம்.

இதற்கு வீட்டில் யாராவது தினமும் அரைமணி நேரம் கூட உட்கார வேண்டும் என்று டீச்சர் சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே, நான் அஞ்சாப்புதான் படிச்சிருக்கேன் டீச்சர் என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார்கள்.

"காதுக்கு என்ன பள்ளிக்கூடம் பிளெஸ்ஸி? இதுல எழுத்தே கெடையாது. நீங்க உக்காருங்க."

எழுத்தே கிடையாது. அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை அக்கா. என் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒரு பாடம். அவள் இரண்டாவது படிக்கும்போதே கணக்கில் என்னை முந்திவிட்டாள். ஹோம்வொர்க் என்று நோட்டைக் கொண்டுவந்தால் நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். இப்போது எனக்கும் ஒரு பாடம் வந்துவிட்டது.

டீச்சர் என் போனில் அறுபது துண்டு ஏற்றிக் கொடுத்தார்கள். சோறு வடிக்கும்போது, துணி அலசும்போது, தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது எல்லாம் அதையே ஓடவிட்டேன். பத்து நாளில் அறுபதும் எனக்கு மனப்பாடம். எது மேலே போகும், எது கீழே இறங்கும், எதில் கடைசியில் குழப்புவார்கள் எல்லாம். ஒருநாள் வகுப்பில் டீச்சர் ஒன்றை வாசித்ததும் எனக்கே தெரியாமல் நான் மெல்லப் பாடிவிட்டேன். டீச்சர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்காருவோம். தரையில், எதிரும் புதிருமாக, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற மாதிரி. போனை அரிசி டின் மேல் வைத்துவிடுவேன். நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன். கண்ணை அங்கே இங்கே ஓடவிடக் கூடாது, அம்மா முகத்தையே பார்க்க வேண்டும். கண் ஓடினால் கவனம் ஓடும், கவனம் ஓடினால் காது ஓடும் என்று நானாக யோசித்துச் செய்தது. முதல் நாலு நாள் எப்சி தடுமாறினாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள் பாருங்கள். பத்துக்குப் பத்து. கண் என் முகத்தைவிட்டு நகராது. இமைகூடக் கொட்டமாட்டாள். எவ்வளவு கவனம் என்று நான் பூரித்துப்போனேன். இவர் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே, சண்டையா, என்று கேட்டார்.

டீச்சர் வீட்டிலும் அப்படித்தான். அம்மா இங்கே இருக்கட்டும் என்பாள். பியானோவுக்குப் பக்கத்தில், அவளுக்கு நேராக நான் நிற்க வேண்டும். டீச்சர் என்னைத்தான் திட்டுவார்கள், செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க என்று. ஆனால் பதில் எல்லாம் சரியாக வரும். மார்க்கை அள்ளிவிடுவாள் என்று சொல்லிவிட்டார்கள்.

பரீட்சை மதுரையில். ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில். வெள்ளைக்கார அம்மா ஒருத்தர் வந்திருந்தார்கள், தலை பஞ்சு மாதிரி. பெற்றவர்களுக்கு உள்ளே இடமில்லை. நான் வராந்தாவில் சுவரோடு நின்றேன். மூன்று பாட்டும் கேட்டது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அப்புறம் நிறுத்தம். அப்புறம் பியானோ. காதுப் பரீட்சை ஆரம்பித்துவிட்டது.

முதல் துண்டு எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருந்தது. மெதுவாக வாசித்தார்கள், பூவைத் தொடுகிற மாதிரி. நான் வெளியே நின்று மனதுக்குள் பாடி முடித்துவிட்டேன். உள்ளே சத்தம் இல்லை. பாடு கண்ணு, பாடு, என்று சொல்லிக்கொண்டேன். மறுபடி வாசித்தார்கள். மறுபடி நான் பாடினேன். உள்ளே சத்தம் இல்லை. ஆறு கேள்வி அக்கா. ஆறுக்கும் வராந்தாவில் நான் பதில் சொன்னேன். அந்தப் பதில் எல்லாம் என்னிடமே தங்கிவிட்டது.

வெளியே வந்தவள் அழவில்லை. என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அப்புறம் சொன்னாள்.

"அவுக எனக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்திருந்தாவம்மா. மொகமே தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. யாருக்காவது வராதா? சின்னப் பிள்ளையிடம் கேள்வி கேட்கிறவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டா கேட்பார்கள்? வெள்ளைக்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று பெயர்தான். பஸ்ஸில் வரும்போதே இவருக்குப் போன் போட்டுச் சொன்னேன், பரீட்சை வைத்த பொம்பளை சரியில்லை என்று. இவரும் டீக்கடையில் அப்படியே சொன்னார். டீச்சரிடம், இதற்கு ஒரு கடுதாசி எழுதிக் கேட்க வேண்டும் என்றேன். நான் யாரிடமும் நியாயம் கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

டீச்சர் ரிசல்ட் வரட்டும் என்றார்கள். வந்தது. பாட்டுக்கு நல்ல மார்க். காதுக்கு மட்டும் கீழே. பக்கத்தில் அந்த அம்மா இங்கிலீஷில் எழுதியிருந்ததை டீச்சர் படித்துச் சொன்னார்கள். மெதுவாக வாசித்தபோது பிள்ளையிடமிருந்து பதிலே வரவில்லை, பலமாக வாசித்தபோது முயற்சி செய்தாள், என்று.

டீச்சர் அந்த வரியை மறுபடி ஒருதடவை படித்தார்கள். அப்புறம் எப்சியை எழுப்பி, சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். என்னை அடுக்களைக்குப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை, கதவோரம் நின்றேன். டீச்சர் மெதுவாக வாசித்தார்கள். அறுபதில் எட்டாவது. எப்சிக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சடை இரண்டும் அசையவில்லை. இன்னும் ஆரம்பிக்கலையா டீச்சர், என்று கேட்டாள்.

அதற்குள் டீச்சர் மூன்று தடவை வாசித்துவிட்டார்கள்.

டீச்சர் அப்புறம் தன் போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார்கள். பரீட்சைக்கு முன்னால் வகுப்பில் எடுத்ததாம். அதில் எப்சி இருக்கிறாள், நானும் இருக்கிறேன். என்னை நானே அப்படிப் பார்த்ததில்லை அக்கா. ராகம் மேலே போனால் என் தாடை மேலே போகிறது. இறங்கினால் தாடை இறங்குகிறது. தாளத்துக்கு முழங்கால் ஆடுகிறது. மாற்றி வாசித்த இடம் வந்ததும் புருவம் ஏறுகிறது. உதட்டுக்குள் முழுப் பாட்டும் முணுமுணுக்கிறேன். இப்படி எல்லாம் செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எப்சி என்னையே பார்த்துக்கொண்டு, நான் அசைந்த பிறகு அசைகிறாள்.

"அவ பியானோவக் கேக்கல பிளெஸ்ஸி. ஒங்க மொகத்த வாசிக்கா," என்றார்கள் டீச்சர்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவள் எப்போதும் கவனமாகப் பார்ப்பாள் டீச்சர், என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதற்கு என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

டீச்சர்தான் முதல் தடவை இந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்கள். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, எப்போதாவது காதில் சீழ் வந்ததா என்று கேட்டார். வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே? இரண்டு வருஷமாக விட்டு விட்டு வந்தது. தலையணை உறை நாறும். நான் பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவேன், பஞ்சு வைப்பேன். நின்றுவிடும். நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? இரண்டு பக்கமும் செவிப்பறையில் ஓட்டை என்றார் டாக்டர். எவ்வளவு கேட்கிறது என்று இந்த டெஸ்ட் சொல்லுமாம். கேட்பது குறைவாக இருந்தால் உள்ளே எலும்பையும் அரித்திருக்கலாம், ஆபரேஷன் செய்ய வேண்டும், விட்டால் மிச்சமும் போய்விடும் என்றார். நன்றாகக் கேட்கிறதென்றால் இப்போதைக்குச் சொட்டு மருந்து போதுமாம்.

சொட்டு மருந்து போதும் அக்கா. காதுக்குப் பக்கத்தில் கத்தி வைப்பதா? மூளைக்குப் பக்கம் அல்லவா? இவர் கேட்ட நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. எம் பிள்ளைய செவிடுன்னு எவனாவது சொல்லட்டும், பாத்துக்கிடுதேன், என்கிறார். டெஸ்ட் நல்லபடியாக வந்துவிட்டால் போதும் என்கிறார். எப்சியும் அதைத்தான் கேட்டாள். இந்தப் பரீட்சைலயாவது பாஸ் ஆயிருவேனாம்மா, என்று.

அதனால்தான் போன வாரம் இங்கே எங்கள் டோக்கன் நம்பர் வராமல் திரும்பிப் போன அன்றைக்கு நான் சும்மா உட்காரவில்லை. அந்தக் கதவு ஒருச்சாய்த்துத் திறந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே ஒரு கண்ணாடி அறை. பிள்ளையை அதற்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி விடுகிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அந்த மேடம் மெஷினோடு இருக்கிறார்கள். சத்தம் கேட்டால் பிள்ளை விரலைத் தூக்க வேண்டும். கேட்கவில்லையென்றால் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. அந்த மேடத்தின் கையை மெஷின் மறைக்கிறது. ஆனால் பட்டனைத் தட்டும்போது வலது தோள் ஒரு நூல் இறங்குகிறது. ஒரு நூல்தான். மற்றவர்களுக்குத் தெரியாது. என் பிள்ளைக்குத் தெரியும்.

ஆமாம் அக்கா. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் மேசை போட்டு, அந்தப் பக்கம் நான் உட்கார்ந்து, தோளை இறக்கி இறக்கிப் பழக்கினேன். எல்லாவற்றுக்கும் தூக்காதே, இடையிடையே ஒன்றிரண்டை விட்டுவிடு, இல்லையென்றால் சந்தேகப்படுவார்கள், என்றுகூடச் சொன்னேன். நாலே நாள். பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு அவள் பாஸ்தான்.

என்ன கேட்டீர்கள்?

அப்படியென்றால் டாக்டருக்கு எப்படித் தெரியும் என்றா? எது?

அக்கா, ஒன்று சொல்கிறேன். இவரிடம்கூட இதைப் பற்றிப் பேசியதில்லை. டீச்சரிடமும் சொல்லவில்லை. போன வருஷம், உப்பு இறக்குகிற மேட்டில் எப்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து குச்சியால் தரையில் கீறிக்கொண்டிருந்தாள். இவர் லாரியைப் பின்னால் எடுத்தார். அந்த லாரி பின்னால் வந்தால் கத்துகிற கத்து உங்களுக்குத் தெரியுமே. ஆட்கள் கத்தினார்கள். நான் எப்சி எப்சி என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவள் திரும்பவில்லை. முடியைப் பிடித்து இழுத்தேன். இழுத்து, அடித்தேன். கூப்பிட்டா திரும்ப மாட்டியா, அவ்வளவு திமிரா என்று கன்னத்தில் அடித்தேன். அந்தக் காதோடு சேர்த்துத்தான் அடித்தேன்.

அன்றைக்கு மட்டுமா? தண்ணி எடுத்துட்டு வா என்றேன், வரவில்லை, அடித்தேன். அடுப்பை அணை என்றேன், பால் பொங்கி வழிந்தது, அடித்தேன். ஒருநாள் அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"நீ முன்னால வந்து கூப்பிடும்மா."

வாய்க்கொழுப்பு என்று அதற்கும் ஒன்று வைத்தேன்.

அவளுக்குக் காது மந்தம் இல்லையென்று சொன்னேன் அல்லவா? தெரியும் அக்கா. கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டே இருந்தது. மதுரையில் வராந்தாவில் நின்றேனே, அப்போது முழுசாகத் தெரிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள் என்றால், நான் இருக்கும் வரை முகம் இருக்குமே என்று நினைத்தேன். எங்கே போனாலும் எதிரே போய் நின்றுவிடலாம் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் போய் நிற்க முடியுமா? ரோட்டைக் கடக்கும்போது நிற்க முடியுமா? நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போவாள், அங்கே யார் எதிரே வந்து நின்று கூப்பிடுவார்கள்?

இப்போது உள்ளே விரலைத் தூக்கிக்கொண்டிருப்பாள். ஒன்றுகூடத் தப்பாது. நன்றாகக் கேட்கிறதென்று தாளில் ஏறிவிடும். சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குப் போவோம். மிச்சமும் போய்விடும்.

வேண்டாம் அக்கா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நீங்கள் போய்ச் சொன்னால், யாரோ சொன்னதாகிவிடும். இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவைத் தட்டினால் திட்டுவார்களோ? டெஸ்ட் நடக்கும்போது தட்டக் கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள் போல. படிக்கத் தெரியாது என்று சொல்லிக்கொள்கிறேன்.

மேடம். மேடம், கோவிச்சுக்கிடாதீங்க. நான் எப்சியோட அம்மா. அந்த விரல நம்பாதீங்க மேடம். அவ கேட்டுத் தூக்கல. ஒங்க தோளப் பாத்துத் தூக்குதா. நாந்தான் அப்படிச் செய்யச் சொல்லிக் குடுத்தேன், பிள்ள மேல தப்பில்ல. அவளத் திருப்பி உக்கார வச்சு முதல்ல இருந்து வைங்க. கேக்கலன்னா கேக்கலன்னே எழுதுங்க.

இல்ல மேடம், நான் உள்ள வரல. நான் வந்தா அவ என்னையப் பாப்பா.